எண்ணெய் மணலில் கரண்டி

திண்டுக்கல்லில் கோல்ஃப் ஆடினோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "கொடைக்கானல்லயா?" என்று திருத்தப் பார்க்கிறார்கள். இல்லை ஐயா. கீழே, வெயிலில், வேடசந்தூர் ரோட்டில், ஒரு நூற்பாலைக்குப் பின்னால் கிடந்த சரளைப் பொட்டலில். ஆண்டு ஐம்பதுகளின் பிற்பாதி. நான் அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் சைக்கிள் கடை வைத்திருந்தேன். அங்கே நடந்த ஒரு ஆட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்க வருகிறது. என் மனைவி இதைப் படித்தால் அவளுக்கும் வரும், வேறு காரணத்துக்காக.

ஆலையை முன்பு நடத்திய வெள்ளைக்கார மேனேஜர் அந்தப் பொட்டலில் ஒன்பது குழி வெட்டி, கொடி நட்டுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு சிறு பந்து, சில கம்புகள், தூரத்தில் ஒரு குழி. யார் குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் விடுகிறாரோ அந்தக் குழி அவருக்கு. அதிகக் குழி எடுத்தவர் ஜெயித்தார். அவ்வளவுதான். இதற்குப் போய் ஏன் மனுசன் பைத்தியமாகிறான் என்று கேட்காதீர்கள். சீட்டாட்டத்துக்கு ஏன் ஆகிறான்?

குழியைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்க வேண்டும் என்பது சீமைச் சட்டம். எங்கள் பக்கம் மாட்டுக்கே புல் கிடைக்காது. அதனால் குழியைச் சுற்றி வட்டமாக ஆற்று மணலைக் கொட்டி, எஞ்சினில் கழித்த எண்ணெயை ஊற்றிப் பிசைந்து, உருளையால் அழுத்தி வைத்திருப்பார்கள். அதற்குப் பிரவுன் என்று பெயர். நிறம் என்னவோ அட்டக்கரி. காற்றுக்குப் பறக்காது, பந்து அழகாக உருளும். ஆனால் ஒரு கோழி குறுக்கே நடந்தாலும் தடம் தெரியும். ஆகவே ஒவ்வொரு பிரவுனுக்கும் ஓரத்தில் ஒரு சாக்கு கிடக்கும். சாக்குக்குள் கனத்துக்கு ஒரு கட்டை, முனையில் கயிறு. குழி முடிந்ததும் அந்தச் சாக்கை நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே இழுத்துக்கொண்டு வந்தால் தடமெல்லாம் அழிந்து, அடுத்தவருக்கு மணல் சுத்தமாக இருக்கும்.

அதை யார் இழுப்பது? குழியைத் தோற்றவர் இழுக்க வேண்டும். வெள்ளைக்காரர் வைத்த பழக்கமோ, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வைத்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் மில் ஆபீசரானாலும் அப்படித்தான், நாங்களானாலும் அப்படித்தான். தோற்றவர் குனிந்து கயிற்றை எடுப்பார், ஜெயித்தவர் அடுத்த குழியைப் பார்த்து நடப்பார். நடக்கும்போது திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பதும் பழக்கத்தில் சேர்ந்ததுதான்.

நாங்கள் என்பது டவுன்காரர்கள். அந்தப் பழைய மேனேஜரின் கம்புகள் என் கடைக்குத்தான் ரிப்பேருக்கு வரும். பிடி பிய்ந்தால் டியூப் ரப்பரைச் சுற்றிக் கொடுப்பேன், தண்டு வளைந்தால் நிமிர்த்துவேன். அந்தப் பழக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுனிலிருந்து யார் வந்தாலும் ஆடிக்கொள்ளலாம் என்று அவர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். தோல் மண்டி வைத்திருந்த பாய் ஒருவர், எங்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி. பிறகு ஒரு லாரிப் பட்டறைக்காரர், காய்கறிக் கமிஷன் கடைக்காரர், இப்படிச் சில பேர். வாரம் முழுக்க அழுக்கிலும் கூச்சலிலும் கிடந்தவர்களுக்கு அந்த ஒரு காலை நேரம்தான் காற்று. பாய் சொல்வார்: "ஆறு நாளு தோலை மோந்த மூக்குக்கு ஒரு நாளு லீவு வேணாமாப்பா?" எவ்வளவு சரியான பேச்சு. நான் அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். எனக்குப் பள்ளிக்கூடம் அதிகம் கிடையாது. மனிதர்கள் பேசியதைக் கேட்டுத்தான் படித்தேன்.

இப்போது கரண்டிக்கு வருகிறேன்.

கோல்ஃபில் வெட்ஜ் என்று ஒரு கம்பு உண்டு. அதன் இரும்புத் தலை மல்லாந்து, தோசைக் கரண்டி மாதிரி இருக்கும். பள்ளத்தில் கிடக்கிற பந்தைக் கிளப்பித் தூக்குவதற்கு அது. மணலைத் தோண்டிக்கொண்டுதான் கிளம்பும். ஆகவே குழிக்கு அருகில், பிரவுனுக்குள், அதை யாரும் எடுப்பதில்லை. அங்கே பட்டர் என்று தட்டையான தலைக் கம்பு ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு பந்தை மெதுவாகத் தள்ளிவிட வேண்டும். இதுதான் ஊர் உலக வழக்கம்.

என்னிடம் பட்டர் இல்லை. இருந்ததே இல்லை. ஆலைக்காரர்கள் ஒடித்துத் தூக்கி எறிந்தவற்றை ஒட்டவைத்துத்தான் என் கம்புகள் சேர்ந்தன. யாரும் பட்டரை ஒடிப்பதில்லை. கோபத்தில் ஒடிப்பதெல்லாம் வெட்ஜைத்தான். அதனால் நான் முதல் நாளிலிருந்தே பிரவுனிலும் வெட்ஜால்தான் ஆடினேன். தோண்ட மாட்டேன். இரும்பின் அடி விளிம்பை மணலுக்கு மேலே தூக்கிப் பிடித்து, பந்தின் வயிற்றில், சரியாக நடுவில், ஒரு தட்டு. பந்து துள்ளாது, உருண்டு போகும். மணலில் ஒரு நகக்கீறல் விழாது. இதைச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. வேறு கம்பு இல்லை, அதனால் வந்தது.

இது ஆலைக்காரர்கள் கண்ணில் படாத வரைக்கும் வம்பில்லை. அவர்கள் ஆடுவது சாயங்காலம், நாங்கள் ஞாயிறு காலை. ஒரு கோடையில் பிரவுன்களில் பள்ளம் பள்ளமாக விழ ஆரம்பித்தது. ஆடு மாடு மேய்ந்த பொட்டல்தானே, குளம்பு படாதா? ஆலைக்காரர்கள் போட்டு ஆடிய ஆணி வைத்த பூட்ஸ் குத்தாதா? அதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. "டவுன்காரன் கரண்டி வச்சு நோண்டுறான்" என்ற பேச்சு ஆலைக்குள் கிளம்பியது. யார் கிளப்பினார்கள்?

என் மச்சான்.

மனைவியின் அண்ணன். சேவுகம்பட்டிக்காரர். அந்த ஆலையில் ஃபோர்மேன். வீட்டு வாசலில் வைத்து என் கம்புகளைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். "ஏன் மாப்ள, பட்டர் எங்க?" என்று கேட்டார். நானும் வெள்ளந்தியாக, "கரண்டியே போதும் மச்சான்" என்றேன். மறு வாரம் அந்தப் பேச்சு ஆலைக்குள் இருந்தது. அவரை 'அவர்' என்று எழுதுவதே என் மனைவிக்காகத்தான்.

ஆலையில் விளையாட்டு மைதானத்துக்குச் செகரட்டரி என்று ஒருவர், மெட்ராஸ்காரர், வெள்ளை அரைக்கால் சட்டை போட்டவர். எங்களைக் கூப்பிட்டு, இனி ஞாயிற்றுக்கிழமை டவுன்காரர்களுக்கு மைதானம் கிடையாது என்றார். பாய் விடவில்லை.

"சார், நோண்டுனதை நீங்க பாத்தீங்களா?"

"எங்க ஃபோர்மேனே சொல்றார்."

"அவரு மாப்பிள்ளைக்கும் அவருக்கும் கல்யாணத்துலேருந்தே ஆகாது சார். அந்தச் சண்டைக்கு எங்க ஞாயித்துக்கிழமையா கெடச்சுது?"

செகரட்டரி சிரித்துவிட்டார். சிரித்ததோடு நின்றிருக்கலாம். அவருக்கு ஒரு குறும்பு தோன்றியது. ஒரே ஒரு ஆட்டம். டவுன் பக்கம் ஒருவர், ஆலைப் பக்கம் ஒருவர். டவுன்காரர் ஜெயித்தால் ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல. தோற்றால் அதோடு சரி, மைதானத்தை மறந்துவிட வேண்டும். "உங்க பக்கம் அந்தக் கரண்டி ஆசாமியே ஆடட்டும். நாங்க அவர் மச்சானையே இறக்குறோம்" என்றார்.

வெளியே வந்ததும் பாய் என் தோளில் கை போட்டார். "அப்பு, இத்தன பேரு மூச்சும் உன் கையில இருக்கு. உம் மச்சான் மூஞ்சியப் பாக்காத. சுண்ணாம்புத் தொட்டியில ஊறப்போட்ட தோல் மாதிரி இருக்கும். பந்தை மட்டும் பாரு."

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எங்கண்ணன் வெளையாட்டுக்குச் சொல்லிருக்கும். நீங்க போயி முட்டிக்காதீக" என்றாள். பிறகு செத்த நேரம் கழித்து, "எங்கண்ணன் நல்லா ஆடுமாமே?" என்றாள். அந்தக் கேள்வியில் இருந்த பெருமையை நான் கவனிக்காமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஆலை பஸ்ஸில் ஒரு கூட்டம், எங்கள் சைக்கிள்களில் ஒரு கூட்டம். மச்சான் காக்கிக் கால்சட்டையும் பூட்ஸுமாக வந்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு நின்றேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, நாத்து நடவா வந்திருக்க?"

"நீங்க எந்த ரெஜிமென்ட்டு மச்சான்?"

முதல் பிரவுனிலேயே தகராறு தொடங்கிவிட்டது. நான் வெட்ஜை எடுத்ததும் மச்சான் கையைத் தூக்கினார். "சார், பாத்துக்கங்க. கரண்டிய எடுத்துட்டான். பிரவுன்ல இரும்பு வைக்கக்கூடாது. இது ஆட்டமா, கொத்தனார் வேலையா?"

செகரட்டரிதான் அன்றைக்கு நடுவர். எங்களோடு கூடவே நடந்து வந்தார். யோசித்துவிட்டு, "ரூல்ல தடை இல்லைப்பா. எந்தக் கம்பு வேணா எடுக்கலாம்" என்றார். மச்சான் முகம் சுருங்கியது. "ஆனா பிரவுனைக் கெடுக்கறது மரியாதை இல்லை. அதனால நான் ஒண்ணு சொல்றேன். வெட்ஜ் வைக்கலாம். மணல் கீறினா, அந்தக் குழி போச்சு. ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

சம்மதம் என்றேன். மச்சானும் தலையை ஆட்டினார். நான் தட்டினேன். பந்து உருண்டது. செகரட்டரி குனிந்து மணலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பிரவுனுக்கு வெளியே நின்ற எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு பிரவுனிலும் இதே கூத்து. நான் தட்டியதும் மச்சான் வந்து குந்துவார். மண்ணுளிப் பாம்பைத் தேடுகிறவர் மாதிரி மணலைப் பார்ப்பார். "இங்க ஒரு கோடு தெரியுது சார்." செகரட்டரி பார்ப்பார். "அது பந்து போன கோடுய்யா." "அப்ப இது?" "அது உன் பூட்ஸ்." இப்படியே போயிற்று. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. ஒரு மனுசனைத் திருடன் மாதிரி, அடிக்கு அடி சோதனை போட்டால் எப்படி இருக்கும்? அதுவும் பெண் கொடுத்த வீட்டுக்காரர்.

ஆனால் ஒன்று. அவர் நன்றாக ஆடினார். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தூரத்து அடிகளில் நான் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. நான் பிழைத்ததெல்லாம் பிரவுனில், கரண்டியால். ஒரு குழி அவருக்கு, ஒரு குழி எனக்கு என்று மாறி மாறிப் போயிற்று. தோற்ற குழியில் நான் சாக்கை இழுத்தேன், அவர் தோற்ற குழியில் அவர் இழுத்தார். அவர் இழுக்கும்போது எங்கள் ஆட்கள், "நல்லா இழுங்க ஃபோர்மேன், ஓரத்துல விட்டுப் போச்சு" என்பார்கள். நான் இழுக்கும்போது ஆலைக்காரர்கள், "பஞ்சர் ஒட்டுறவரே, பாத்து, சாக்கு கிழிஞ்சிரப் போகுது" என்பார்கள். வெயில் ஏற ஏறப் பேச்சும் ஏறியது. ஆறாவது குழியில் யாரோ யாருடைய அம்மாவையோ இழுத்துவிட்டார்கள். செகரட்டரி இரண்டு கூட்டத்தையும் இன்னும் தூரத்தில் தள்ளி, குறுக்கே கயிறு பிடித்து, இனி எல்லாக் குழிக்கும் அதற்கு அப்பால்தான் நிற்க வேண்டும் என்றார். அங்கிருந்து பார்த்தால் ஆள் தெரியும், மணல் தெரியாது.

எட்டுக் குழி முடிந்தபோது இரண்டு பேரும் சமம். ஒன்பதாவதில் தீர வேண்டும்.

ஒன்பதாவது பிரவுனுக்கு வந்தபோது இரண்டு பேரும் அடித்த அடியும் சமமாகவே இருந்தது. என் பந்து மணல் வட்டத்தின் ஓரத்தில், குழிக்கு வெகு தூரத்தில். அவர் பந்து குழிக்கு அருகே, கை நீட்டினால் தொடுகிற மாதிரி. தூரத்தில் இருப்பவர் முதலில் ஆட வேண்டும். நான் கரண்டியைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கயிற்றுப் பக்கம் கைகலப்பு. மண்ணாங்கட்டி பறந்தது. எங்கள் லாரிப் பட்டறைக்காரரின் தலைப்பாகை ஆலைக்காரர் ஒருவர் கையில் இருந்தது. செகரட்டரி விசிலை ஊதிக்கொண்டு அங்கே ஓடினார். பிரவுனில் நானும் மச்சானும் மட்டும்.

நான் கம்பை இறக்கிவிட்டு நின்றேன்.

"அடி மாப்ள" என்றார் மச்சான்.

"சார் வரட்டும்."

"ஏன், ஆள் பாக்கலேன்னா கை நடுங்குதோ? அடிக்கிறதுன்னா அடி. இல்ல, கரண்டியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போ. எந்தங்கச்சிக்குத் தோசை திருப்ப ஆகும்."

அடித்தேன். கோபத்தில் அடித்தேன் என்று அவர் பிறகு சொன்னார். பொய். கோபம் வந்தால் என் கை சாந்தமாகிவிடும். கடையில் வாடிக்கையாளரோடு சண்டை போட்ட நாட்களில்தான் நான் சக்கரத்தை அணுவளவு கோணல் இல்லாமல் நிமிர்த்தியிருக்கிறேன். இரும்பு பந்தின் வயிற்றைத் தொட்டது. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவே. பந்து கறுப்பு மணலில் உருண்டது, உருண்டது, நிற்கப் போகிறது என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் உருண்டது, குழிக்குள் விழுந்தது.

மச்சான் பட்டரை எடுத்தார். தன் பந்துக்குப் பின்னால் போய் நின்றார். அதைப் போட்டால் சமம், ஆட்டம் முடியாது. அவர் வீட்டுப் பிள்ளைகூடப் போட்டுவிடும் தூரம். பட்டரால் தள்ளினார். பந்து குழியின் உதட்டைத் தொட்டுச் சுற்றிக்கொண்டு வெளியே போய் நின்றது.

ஒரு மூச்சு நேரம் இரண்டு பேரும் அந்தப் பந்தையே பார்த்தோம். பிறகு அவர் தலையைத் தூக்கினார்.

"செல்லாது. நீ கீறிட்ட."

"எங்க?"

"நீ நின்ன எடத்துல."

"காட்டுங்க."

"இந்தா."

"அது என் குதிகால். கரண்டி பட்டா சிராய் மாதிரி மணல் பறந்திருக்கும். எங்க பறந்திருக்கு?"

"பறந்துச்சு, நான் பாத்தேன்."

"உங்க கண்ணு உங்க பந்து மேலல்ல இருந்துச்சு மச்சான், அதான் அப்பிடிப் போட்டீக."

இது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "ஏலே, வார்த்தைய அளந்து பேசு" என்றார். 'மாப்ள' போய் 'ஏலே' வந்துவிட்டது. எனக்கும் ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிக்கொண்டு திரும்பி, "சார்! இங்க வாங்க! மணலைப் பாருங்க!" என்று கத்தினேன். செகரட்டரி சண்டையை விலக்கிவிட்டு, தலைப்பாகையை உரியவரிடம் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். மணல் இருக்கிறது, அது பேசும், நமக்கு என்ன பயம் என்று நான் நிம்மதியாகத் திரும்பினேன்.

மச்சான் சாக்கை இழுத்துக்கொண்டிருந்தார்.

கயிறு கையில், முதுகு குனிந்து, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி. நான் நின்ற இடம், என் கரண்டி தொட்ட இடம், பந்து உருண்ட கோடு, எல்லாம் அவர் பின்னால் அழிந்துகொண்டே வந்தன. பிரவுன் புதுப் பலகை மாதிரி ஆகிவிட்டது. நான் "மச்சான்!" என்று கத்தினேன். அவர் நின்றார். கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். அதைக் கீழே போட்டார். போட்டு என்ன?

செகரட்டரி வந்து மணலைப் பார்த்தார். "எங்கே கீறல்?" என்றார்.

"இருந்துச்சு சார்" என்றார் மச்சான்.

"கீறல் இல்லாததுனால மணலையே அழிச்சுட்டார் சார்" என்றேன் நான்.

அதற்குள் இரண்டு கூட்டமும் கயிற்றைத் தாண்டி ஓடிவந்துவிட்டன. ஆலைக்காரர்கள், சாட்சி இல்லை, மறுபடி ஆட வேண்டும் என்றார்கள். எங்கள் ஆட்கள் கிழிகிழியென்று கிழித்தார்கள். பாய் மட்டும் கத்தவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கீழே கிடந்த கயிற்றை எடுத்து மச்சான் கையில் கொடுத்தார்.

"ஃபோர்மேன், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்த மைதானத்துல சாக்கை யாரு இழுக்குறது?"

மச்சான் கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தார்.

"காலையிலேருந்து நீங்களும் இழுத்தீக, இவனும் இழுத்தான். எப்ப இழுத்தீக?"

செகரட்டரிக்குப் புரிந்துவிட்டது. அவர் மச்சானைப் பார்த்துக் கேட்டார்: "நீ ஏன்யா இழுத்தே?"

"பழக்கத்துல... கை தானாப் போயிருச்சு சார்."

"எந்தப் பழக்கத்துல?"

அங்கேதான் மாட்டிக்கொண்டார். தோற்றவர் இழுப்பது பழக்கம். பழக்கத்தில் இழுத்தேன் என்றால், தோற்றேன் என்று அவர் கையே சொல்லிவிட்டது. பழக்கம் இல்லை, வேண்டுமென்றே இழுத்தேன் என்றால், சாட்சியை அழித்தவர் ஆகிறார். இரண்டில் எதைச் சொல்வது? அத்தனை பேர் முன்னால் ஒரு ஃபோர்மேன். அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களெல்லாம் சுற்றி நிற்கிறார்கள். காது மடல் சிவந்துவிட்டது.

"தோத்துட்டேன்னே வச்சுக்கங்க சார்" என்றார்.

"வச்சுக்கறதெல்லாம் வேண்டாம். தோத்தியா, இல்லையா?"

"தோத்தேன்."

அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு இனித்தது. இனிக்கவில்லை என்று எழுதினால் நான் பெரிய மனிதனாகத் தெரிவேன். ஆனால் இனித்தது. செகரட்டரி கையை உதறிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை டவுனுக்கு. முடிஞ்சுது, எல்லாரும் கிளம்புங்க" என்றார். எங்கள் ஆட்கள் என்னைத் தூக்கிவிட்டார்கள். தூக்கிய உயரத்திலிருந்து பார்த்தேன். மச்சான் பட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆலை பஸ்ஸை நோக்கித் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் ஆட்களில் ஒருவர்கூட உடன் போகவில்லை.

வீட்டுக்கு வந்தேன். செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. மனைவி தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். வெஞ்சனம் இல்லை. அப்பளம்கூட இல்லை. வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"எங்கண்ணன் திருட்டுத்தனம் பண்ணுச்சுன்னு ஊரெல்லாம் பேசுறாக."

"பண்ணினார்."

"நீங்க பாத்தீகளா, எதுக்கு இழுத்துச்சுன்னு? அது மனசுக்குள்ள போயிப் பாத்தீகளா?"

"சாக்கை இழுத்ததைப் பாத்தேன்."

"பந்து போகலேன்னதும் அதுக்குத் தெரிஞ்சு போச்சு, தோத்துட்டோம்னு. வாயி ஒத்துக்கல. கையி ஒத்துக்கிருச்சு. அம்புட்டுத்தேன். அதப் போயி களவுங்கிறீக."

நான் கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் பேச்சைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவளுடைய அந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிக்காத பேச்சு. பிடிக்காவிட்டாலும் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. கை தானாக இழுத்தது என்றால், நான் நின்ற இடத்தில் மட்டும் ஏன் இரண்டு தடவை இழுத்தது? இதைச் சொன்னேன். "ஒரு தடவதான் இழுத்துச்சாம்" என்றாள். அவள் அங்கே இல்லவே இல்லை. சண்டை எங்கள் வீட்டுக்கு வந்து பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

அதன்பிறகு மச்சானும் நானும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. பொங்கலுக்குச் சீர் வரும், அவர் வரமாட்டார். என் மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டுமே, வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நான் எதிரில் நிற்கும்போதே, "உங்கப்பனைக் கொஞ்சம் வெளிச்சத்த விட்டு நகரச் சொல்லு" என்று பால்குடி மாறாத பிள்ளையிடம் சொன்னார். நானும் பிள்ளையிடமே பதில் சொன்னேன்: "உங்க மாமாவுக்குக் கண்ணு தெரியாதது பழைய கதைதானம்மா."

ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்குக் கிடைத்தன. செகரட்டரி வார்த்தை மாறவில்லை. ஆனால் ஆலைக்காரர்கள் வேறு விதத்தில் பழி வாங்கினார்கள். சனிக்கிழமை சாயங்காலமே சாக்குகளை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாக்கு ஆலைச் சொத்தாம். பிரவுனுக்கு எண்ணெய் விடுவதையும் எங்கள் நாளுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். லாரிப் பட்டறைக்காரர் கழிவெண்ணெயைத் தகர டின்னில் ஊற்றிக் கொண்டுவந்தார். கமிஷன் கடைக்காரர் வெங்காயச் சாக்குகளைக் கொண்டுவந்தார். பாய், "நம்ம பிரவுன் மட்டும் சாம்பாரு வாசம் வீசுதுப்பா" என்பார். பிறகு அவரே ஒரு நாள் பட்டர் ஒன்றை எங்கோ சொல்லி வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். "வம்பு வேணாம் அப்பு, இனிமே இதுலயே ஆடு."

வாங்கவில்லை. வெட்ஜை வைத்து ஆடினது சரி என்று தீர்ப்பான பிறகு நான் ஏன் பட்டரைத் தொட வேண்டும்? ரூல் தடுக்கவில்லை. மணல் கெடவில்லை. மரியாதை என்றால் மணலுக்குச் செய்கிற மரியாதைதான், கம்பின் பெயருக்கு இல்லை. பிரவுனில் வெட்ஜை வைக்கலாமா என்று யார் கேட்டாலும் இன்றைக்கும் சொல்வேன்: கீறாமல் வைக்கத் தெரிந்தவன் வைக்கலாம். கீறுகிறவன் பட்டரை வைத்தும் கீறுவான்.

அறுபதுகளில் ஒரு நாள், மச்சான் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்தார். ஆட வரவில்லை. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நின்றார். நான் பிரவுனுக்கு வந்து கரண்டியை எடுத்ததும் உள்ளே வந்தார். நான் தட்டினேன். நான் நகர்ந்ததும் அவர் வந்து, நான் நின்ற இடத்தில் குந்தி, மணலைப் பார்த்தார். விரலால் தொட்டுக்கூடப் பார்த்தார். எழுந்து ஒன்றும் சொல்லாமல் வேலிக்குப் போய்விட்டார். அடுத்த பிரவுனிலும் அப்படியே. அடுத்த ஞாயிறும் வந்தார். எங்கள் ஆட்கள் அடிக்கப் போனார்கள். நான்தான் தடுத்தேன். பார்க்கட்டும். ஆயுசு முழுக்க வந்து பார்க்கட்டும்.

அன்றிலிருந்து அவர் வருகிற ஞாயிறெல்லாம், குழி முடிந்ததும் நான் யாரையும் சாக்கில் கை வைக்க விடமாட்டேன். தோற்றவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். மச்சான் வந்து பார்த்துவிட்டுப் போகும் வரைக்கும் எல்லாரும் வெயிலில் நிற்போம். அவர் குந்துவார், பார்ப்பார், எழுவார். ஒரு தரம்கூட அவருக்குக் கீறல் கிடைக்கவில்லை. ஒரு தரம்கூட அதை அவர் வாயால் சொன்னதும் இல்லை.

ஒரு தடவை மட்டும், பாய் பொறுக்க முடியாமல் அவரிடமே கேட்டுவிட்டார்: "என்ன ஃபோர்மேன், இன்னைக்காவது ஏதாச்சும் கெடச்சுச்சா?"

மச்சான் முழங்காலில் ஒட்டிய எண்ணெய் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"இன்னைக்கு எண்ணெயக் கூடுதலா ஊத்திட்டாய்ங்க. அதான் தெரியல."

நான் வெட்ஜைத் துடைத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்தேன். பின்னால் அவரும் வந்துகொண்டிருந்தார்.